ரீஸ்னேர் முத்திரை – கடிதம்

அன்புள்ள சார்,

பாரிஸில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது பழம்பொருள் கடை ஒன்றில் கன்சோல் மேசை ஒன்றைப் பார்த்தேன். அரைவட்ட வடிவம், மேலே வெள்ளை மார்பிள், வரிவரியாகக் குடைந்த ஒல்லிக் கால்கள், ஓரமெல்லாம் தங்க நிற வேலைப்பாடு. பிரெஞ்சு அரசர் பதினாறாம் லூயி காலத்தது, ரீஸ்னேர் என்ற மரவேலைக்காரரின் முத்திரை உள்ளது என்று அட்டையில் எழுதியிருந்தார்கள். பக்கத்தில் இருந்த முத்திரை இல்லாத மேசையைவிடப் பல மடங்கு விலை. எட்டிப் பார்த்தால் பின்பக்கம் ஒழுங்காக இழைக்கக்கூட இல்லை! முன்பக்க வேலை முழுவதும் ஒரே ஆள் செய்ததா? ஒரு பெயருக்கு இவ்வளவு விலை நியாயமா?

மீனாட்சி

அன்புள்ள மீனாட்சி,

பின்பக்கத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கன்சோல் கூடத்தின் நடுவே போடுகிற மேசை அல்ல. இரண்டு ஜன்னல்களுக்கு இடையே, நிலைக்கண்ணாடிக்குக் கீழே, சுவரை ஒட்டி நிற்பதற்காகச் செய்தது. அதற்கு முந்தைய பதினைந்தாம் லூயி காலத்துக் கன்சோல்கள் பலவற்றுக்கு முன்னால் மட்டும்தான் கால். சுவரில் முடுக்கினால்தான் நிற்கும். பிறகு கிரேக்க, ரோமானிய மோகம் வந்து வளைந்த கால்கள் நேராகின, மேசையும் தானாக நின்றது. முதுகு மட்டும் சுவருக்குத்தானே என்று விட்டுவிட்டார்கள். பின்பக்கமும் பளபளவென்று இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன்.

ஒரே ஆள் செய்ததா என்றால், இல்லை. அன்றைய பாரிஸில் தொழில் சங்கங்களின் விதி அதற்கு இடம் தராது. மரவேலைக்காரர்களிலேயே இரண்டு வகை. கட்டை மரத்தில் நாற்காலி, செதுக்கிய கன்சோல் செய்பவர்கள் ஒரு பக்கம். ஓக் சட்டத்தின் மேல் மகோகனி போன்ற விலையுயர்ந்த மரத்தை மெல்லிய வெனீராக ஒட்டுபவர்கள் இன்னொரு பக்கம். ரீஸ்னேர் இரண்டாவது வகை. மார்பிள் வேறு பட்டறையிலிருந்து வரும். நீங்கள் பார்த்த தங்க நிற வேலைப்பாடு வெண்கலம். அதை வார்த்துச் செதுக்குவதும், அதற்கு முலாம் பூசுவதும் தனித்தனித் தொழில்கள்.

அந்த முலாம் வேலை கொடுமையானது. தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து, வெண்ணெய்போல வரும் கலவையை வெண்கலத்தின்மேல் தடவிக் கரி நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகப் போய்விடும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். ஆவி போவது வேலை செய்பவரின் நுரையீரலுக்கு. அப்புறம் சில இடங்களைக் கல்லால் தேய்த்து மினுக்குவார்கள், சில இடங்களை மங்கலாகவே விடுவார்கள். இந்த மங்கல் முலாமில் பெயர் எடுத்தவர் பியர் கூத்தியேர். 1781இல் மஸாரேன் சீமாட்டிக்காக அவர் வேலை செய்த நீலச் சாம்பல் மார்பிள் மேசை இன்று நியூயார்க்கின் ஃப்ரிக் காட்சியகத்தில் இருக்கிறது. அதில் மரத்தச்சருக்கு வேலையே இல்லை, மார்பிளும் வெண்கலமும்தான். அந்தக் கூத்தியேர் 1787இல் திவாலானார்.

சரி, முத்திரைக்கு வருகிறேன். அது கலைஞனின் கையெழுத்து அல்ல. தச்சர் சங்கத்தின் கட்டாயம். 1751 முதல் கண்டிப்பாக அமலானது. பட்டறை முதலாளியின் பெயரை இரும்பு அச்சால் மரத்தில் அடிக்க வேண்டும். சங்க அதிகாரிகள் வந்து பார்த்துத் திருப்தியானால் தங்கள் முத்திரையையும் குத்துவார்கள். பழுது பார்த்தவர் தன் பெயரை அடித்ததும் உண்டு. அரசருக்குச் செய்தவர்களுக்கு விலக்கு இருந்ததால், மிகச் சிறந்த சில பொருட்களில் முத்திரையே இருக்காது.

முத்திரை செய்தவரின் கையெழுத்து அல்ல என்பதற்கு ரீஸ்னேரின் கதையே நல்ல சாட்சி. ஜெர்மனியில் 1734இல் பிறந்து பாரிஸ் வந்து ஓபென் என்பவரின் பட்டறையில் சேர்ந்தார். 1763இல் ஓபென் இறந்துவிட, அவர் மனைவி பட்டறையைத் தொடர்ந்து நடத்தினார். பொருட்களில் விழுந்தது செத்துப்போன கணவரின் முத்திரை. செய்தவர்களில் ஒருவர் ரீஸ்னேர்! 1767இல் அந்த அம்மாளையே மணந்துகொண்டார், அடுத்த ஆண்டு சங்கத்தில் மாஸ்டர், அதாவது சொந்தப் பெயரில் பட்டறை நடத்தும் தகுதி பெற்றவர், ஆனார். ஓபென் 1760இல் தொடங்கிய பதினைந்தாம் லூயியின் மேசையை முடித்து, 1769 என்ற ஆண்டோடு தன் பெயரை மேசையின் மரத்துண்டுச் சித்திர வேலைப்பாட்டிலேயே பதித்தார். அந்த ஒன்றை வேண்டுமானால் கையெழுத்து என்று சொல்லலாம்.

பிரெஞ்சுப் புரட்சி வந்தபின் 1793இல் வெர்சாய் அரண்மனைச் சாமான்களை ஏலம் விட்டார்கள். தான் செய்ததையே ரீஸ்னேர் திரும்ப வாங்கினார், நல்ல விலைக்குப் போகும் என்று. ஃபேஷன் மாறிவிட்டிருந்தது, வாங்க ஆள் இல்லை. இன்று விலை கேட்டு நீங்கள் மலைக்கிறீர்கள், அன்று அதே பெயர் செல்லாக்காசு.

ஆகவே பெயருக்கு மட்டும் அந்த விலை என்றால் நான் கொடுக்க மாட்டேன். இந்தப் பாணியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் பட்டறைகள் அருமையாக நகலெடுத்திருக்கின்றன, முத்திரையையும் போலியாக அடிக்க முடியும். அசல் என்று நம்பி வெர்சாய் அரண்மனையே போலி நாற்காலிகளை வாங்கியிருந்தது 2016இல் அம்பலமானது. வெண்கலத்தின் செதுக்கலையும் வெனீரின் பொருத்தத்தையும் பார்த்து விலை பேசுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. முத்திரை பெரும்பாலும் மார்பிளுக்கு அடியில் இருக்கும். மகனை விட்டு, மார்பிளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் தயங்கினால் நடையைக் கட்டுங்கள்.