9 வருடங்களுக்கு முன் பெற்ற கதிர்ச்சிகிச்சை இப்போது பாதிக்குமா?

கேள்வி: வெற்றிலை போடும் பழக்கத்தால் என் அப்பாவுக்குக் கன்னத்தில் புற்றுநோய் வந்து, 9 வருடங்களுக்கு முன் மகரகமையில் சத்திரசிகிச்சையும் கழுத்துவரை கதிர்ச்சிகிச்சையும் செய்தார்கள். நேற்று முன்தினம் சோறு பிசையும்போது வலக்கை மரத்து, பேச்சுக் குழறி, பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. களைப்பு என்கிறார். கதிர்ச்சிகிச்சை காரணமாக இருக்குமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இருக்கலாம். ஆனால் இதைக் களைப்பென்று விட்டுவிடாதீர்கள். வலக்கை மரத்து, அதே வேளை பேச்சும் குழறியதென்றால், மூளையின் இடப்பக்கத்துக்குச் செல்லும் குருதி சற்று நேரம் தடைப்பட்டதாகவே கருத வேண்டும். இதைத் தொடர்ந்து முழுமையான பாரிசவாதம் வரும் ஆபத்து முதல் சில நாட்களிலேயே மிக அதிகம் என்பதால், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் இன்றே களுபோவில வைத்தியசாலைக்கோ தேசிய வைத்தியசாலைக்கோ அழைத்துச் செல்லுங்கள். மீண்டும் அப்படி நேர்ந்தால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். மூளையில் குருதிக் கசிவு இல்லையென்று ஸ்கானில் தெரியும்வரை நீங்களாக அஸ்பிரின் கொடுக்க வேண்டாம்.

வாய், கழுத்துப் புற்றுநோய்களுக்கு வழக்கமாக 60 முதல் 70 கிரே (கதிரின் அளவைக் குறிக்கும் அலகு) வரையான கதிர், ஆறேழு வாரங்களில் சிறிது சிறிதாகக் கொடுக்கப்படுகிறது. அது, மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் கழுத்து நாடியின் உட்பூச்சுக் கலங்களையும், அந்த நாடியின் சுவருக்கே குருதி கொண்டுசெல்லும் மிக நுண்ணிய குழாய்களையும் தாக்குகிறது. அழற்சி ஓயாமல் தொடர, சுவர் தடித்து இறுகி, கொழுப்பும் விரைவாகப் படிகிறது. சாதாரண அடைப்பு பெரும்பாலும் நாடி இரண்டாகப் பிரியும் இடத்தில் வரும். கதிர் பட்ட கழுத்திலோ, கதிர் பட்ட நீளம் முழுவதுமே நாடி ஒடுங்கக்கூடும். இவை எவையும் அன்று தெரிவதில்லை. பல வருடங்கள் கழித்தே வெளிப்படும். இதற்காக அந்தச் சிகிச்சையைக் குறைகூற முடியாது. அப்பா இன்று உங்களோடிருப்பதில் அதற்கும் பங்குண்டு. புற்றுநோய் திரும்பவில்லை என்பதோடு பலர் நிம்மதியடைந்து, நாடியைச் சோதிக்காமலே இருந்துவிடுவதுதான் என் கவலை.

மகரகமையில் தந்த டயக்னோசிஸ் கார்ட்டை மறக்காமல் கொண்டு செல்லுங்கள். கழுத்தில் கதிர் பட்டதை நீங்கள் சொன்னால்தான் அவசரப் பிரிவு வைத்தியர் அதைக் கருத்திற்கொள்வார். கழுத்தின் இரு பக்கங்களுக்கும் நாடியில் குருதி ஓடுவதைக் காட்டும் டொப்ளர் ஸ்கான் செய்யும்படி கேளுங்கள், அதில் வலியில்லை. அடைப்பு கடுமையாக இருந்தால், கதிரால் இறுகிய கழுத்தைத் திறப்பது கடினமென்பதால், பலருக்கு நாடியை உள்ளிருந்து விரித்துவைக்கும் ஸ்டென்ட் எனும் வலைக்குழாயை வைப்பதையே வைத்தியர்கள் தெரிவுசெய்கிறார்கள். பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றையும் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். வெற்றிலையோ புகையிலையோ இன்னும் தொடர்ந்தால், அதையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.