மூன்று வட்டக் கணக்கில் விடை ஏன் தப்புகிறது?

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படித்து வருகிறேன். ஒவ்வொரு குழுவையும் ஒரு வட்டமாக வரையும் வென் படக் கணக்கில் இரண்டு வட்டம் என்றால் சமாளித்துவிடுகிறேன். மூன்று வட்டம் வந்தால் விடை தப்பிவிடுகிறது. ஆனால் எனக்கு வந்த தப்பான விடையும் கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் ஒன்றாக இருக்கிறது! சூத்திரத்தை மனப்பாடம் செய்தால் போதுமா?

பதில்: பலரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். அது கேள்வி எடுப்பவருக்கும் தெரியும், அதனால்தான் அந்த எண்ணையும் விடைகளில் வைத்துவிடுகிறார். எந்த இடம் என்று ஒரு கணக்கை வைத்தே பார்ப்போம்.

100 மாணவர்களில் கபடி ஆடுபவர்கள் 45, வாலிபால் 38, கேரம் 42. கபடியும் வாலிபாலும் ஆடுபவர்கள் 15, வாலிபாலும் கேரமும் 13, கபடியும் கேரமும் 17. மூன்றும் ஆடுபவர்கள் 6. எதுவுமே ஆடாதவர்கள் எத்தனை பேர்?

கபடி வட்டமும் வாலிபால் வட்டமும் வெட்டும் இடத்தில் நேராக 15 என்று எழுதுவதுதான் அந்தத் தவறு. "கபடியும் வாலிபாலும் ஆடுபவர்கள் 15" என்றால், அவர்கள் கேரம் ஆடமாட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. மூன்றும் ஆடும் 6 பேரும் அந்த 15-க்குள்தான் இருக்கிறார்கள். "மட்டும்" என்ற சொல் இல்லாதவரை இப்படித்தான் படிக்க வேண்டும். கணக்கில் அந்தச் சொல் வந்தால் உடனே அடிக்கோடு போடுங்கள்.

அதனால் எப்போதும் நடுவிலிருந்து வெளியே வாருங்கள். முதலில் நடுவில் 6. அப்புறம் இரண்டு மட்டும் ஆடுபவர்கள்: 15 − 6 = 9, 13 − 6 = 7, 17 − 6 = 11. கடைசியாக ஒன்று மட்டும் ஆடுபவர்கள். கபடி மட்டும் 45 − (9 + 11 + 6) = 19. இதே போல வாலிபால் மட்டும் 16, கேரம் மட்டும் 18. ஏழு பகுதிகளையும் கூட்டினால் 86. வட்டங்களுக்கு வெளியே நிற்பவர்கள் 14 பேர்.

15, 13, 17 என்று அப்படியே எழுதியிருந்தால் கூட்டுத்தொகை 68 ஆகி, விடை 32 என்று வந்திருக்கும். தேர்வில் அந்த 32-ம் ஒரு விடையாக உங்களுக்காகக் காத்திருக்கும்.

விடையைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது, இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் ஆடுபவர்கள் 53, சரியாக இரண்டு ஆடுபவர்கள் 27, மூன்றும் ஆடுபவர்கள் 6. 53 + (2 × 27) + (3 × 6) = 125. கேள்வியில் கொடுத்த 45 + 38 + 42-ம் 125. இரண்டும் பொருந்தாவிட்டால் படத்தில் எங்கோ பிழை.

சரி, சூத்திரம்? மொத்தம் கேட்டால் அது வேகமானதுதான்: 125 − (15 + 13 + 17) + 6 = 86. கடைசியில் ஏன் கூட்டுகிறோம் என்று தெரிந்தால் மனப்பாடமே தேவைப்படாது. மூன்றும் ஆடும் 6 பேரை முதலில் மூன்று முறை எண்ணிவிட்டோம், அடுத்து மூன்று முறை கழித்தும்விட்டோம். இப்போது அவர்கள் கணக்கிலேயே இல்லை, ஒருமுறை திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கிறது. மூன்றும் ஆடுபவர்கள் எத்தனை என்று கொடுக்காமல், எதுவுமே ஆடாதவர்கள் 14 என்று கொடுத்தாலும் இதே சூத்திரம்தான்: 125 − (15 + 13 + 17) + x = 100 − 14 என்று போட்டால் x = 6.

ஆனால் "கபடி மட்டும்", "சரியாக இரண்டு" என்று கேட்டால் என் ஓட்டு படத்துக்குத்தான். "குறைந்தது இரண்டு" என்றால் 27 + 6 = 33, "சரியாக இரண்டு" என்றால் 27. இந்த வித்தியாசம் படத்தில் கண்ணுக்குத் தெரியும், சூத்திரத்தில் தெரியாது.

வெட்டு எவ்வளவு என்றே சொல்லாத கேள்விகளும் வரும். 100 பேரில் 70 பேர் டீ, 60 பேர் காபி குடிக்கிறார்கள் என்றால், இரண்டும் குடிப்பவர்கள் குறைந்தது 70 + 60 − 100 = 30. அதிகபட்சம், சிறிய குழுவான 60. இங்கே ஒரே விடை கிடையாது, குறைந்தபட்சமா அதிகபட்சமா என்று கேள்வியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு குழுக்கள் வந்தால் வட்டம் வரையாதீர்கள். வெளிப்பகுதியையும் சேர்த்து 16 பகுதிகள் வேண்டும், நான்கு வட்டங்களை எப்படி வரைந்தாலும் 14-க்கு மேல் கிடைக்காது. 1880-ல் இந்தப் படங்களைப் பற்றி எழுதிய ஜான் வென்னும் நான்கு குழுக்களுக்கு நீள்வட்டங்களைத்தான் பயன்படுத்தினார்.