இரும்பு இருந்தும் ரத்தசோகை: டயாலிசிஸ் மையத்தின் மேல் வழக்குப் போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு மூன்று வருடமாக டயாலிசிஸ். இரும்பு ஊசி, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் ஊசி போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மட்டும் அதிகம். வேறொரு டாக்டர் பரிசோதித்ததில் ரத்தத்தில் அலுமினியம் லிட்டருக்கு 110 மைக்ரோகிராம். 'கிட்னி போனால் ரத்தசோகை வரத்தான் செய்யும்' என்கிறது மையம். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் அந்த 110-ஐ மட்டும் நம்பிப் போகாதீர்கள். 20-க்குள் இருக்க வேண்டியது, 60-ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும் என்பது டயாலிசிஸ் டாக்டர்கள் அறிந்த கணக்கு. சரி, அலுமினியம் உடம்பில் ஏறியது தெரிகிறது. ரத்தசோகை அதனால்தான் வந்தது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

மையம் சொல்வதும் பொய்யில்லை. கிட்னி பழுதானால் ரத்தசோகை வரும். ஆனால் அதில் ஒவ்வொரு சிவப்பணுவின் பருமன் பெரும்பாலும் குறையாது. அலுமினியத்தின் வேலை வேறு. இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தில் அதுவும் தொற்றிக்கொண்டு, மஜ்ஜையில் வளரும் சிவப்பணுவுக்குள் போய்விடுகிறது. அங்கே ஹீமோகுளோபினின் இரும்புப் பகுதியான ஹீம் உருவாகும் வேலை கெடுகிறது. கையிருப்பில் இரும்பு கிடக்க, சிவப்பணு சிறுத்துப் பிறக்கிறது. பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்து, சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் காட்டும் 'எம்.சி.வி.' என்ற வரியைத் தேதிவாரியாக எழுதிப் பாருங்கள். அது படிப்படியாக இறங்கி, ஃபெரிட்டின் குறையாமலே இருந்தால் உங்கள் கட்சி பலமாகிறது. அழற்சியாலும் ஃபெரிட்டின் ஏறும், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடிப்பார், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ரிப்போர்ட்டுகளையும் சேர்த்து வையுங்கள்.

அடுத்தது, அலுமினியம் உள்ளே போயிருக்கக்கூடிய வழி: டயாலிசிஸ் தண்ணீர். இப்படிப்பட்ட விவகாரத்தில் நான் முதலில் கேட்பது தண்ணீர் ரிஜிஸ்டரைத்தான். டயாலிசிஸ் தண்ணீரில் அலுமினியம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. மூன்று வருடப் பரிசோதனை முடிவுகளையும், தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெம்பிரேன் மாற்றிய தேதிகளையும் எழுத்து மூலமாகக் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் 'பார்த்துச் சொல்கிறோம்' என்பதோடு போய்விடும். பக்கத்துப் படுக்கைக்காரர்களிடமும் விசாரியுங்கள். அவர்களுக்கும் அதே தண்ணீர்தானே?

மருந்துச் சீட்டுகளையும் புரட்டுங்கள். பாஸ்பரஸ் குறைக்க அலுமினியம் ஹைட்ராக்சைடு கொடுத்திருந்தால், பிரதிவாதி மையம் அல்ல, எழுதிக் கொடுத்த டாக்டராகக் கூட இருக்கலாம்.

மாதிரி எடுத்த குழாயிலிருந்தே அலுமினியம் கலக்க வாய்ப்புண்டு. உலோகச் சோதனைக்கான தனிக் குழாயில் மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள். சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். அலுமினியம் நின்ற பிறகு ஹீமோகுளோபின் ஏறினால், அந்த மாதாந்திர ரிப்போர்ட்டுகளும் சாட்சிதான். வழக்குப் போடுவதற்கான கெடு எப்போது முடிகிறது என்பதை மட்டும் இந்த வாரமே உங்கள் ஊர் வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். 110 என்ற முடிவு வந்த தேதியைச் சொல்ல மறக்காதீர்கள்.