வாசகர் கேள்வி: எஞ்சின் ஆயிலை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

கேள்வி: காரின் எஞ்சின் ஆயிலை வீட்டிலேயே மாற்ற எண்ணியுள்ளேன். பழையதை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றினால் போதுமா?

பதில்: போதாது, ஆயிலை வடிகட்டும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்தினால் ஆயில் இளகி, கசடையும் சேர்த்துக்கொண்டு வடியும். ஆனால் கையைச் சுடும் அளவுக்குச் சூடாக இருக்கக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். சமதளத்தில் ஸ்டாண்டு வைத்துத் தாங்கிய பிறகே அடியில் செல்லுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

பலர் தவறுவது ஃபில்டரில்தான். திருகிப் பொருத்தும் வகை ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில சமயம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். ஆயில் படிந்து கருத்திருப்பதால் எளிதில் கண்ணில் படாது. அதன்மேல் புதிய ஃபில்டரைப் பொருத்தி எஞ்சினை இயக்கினால், அழுத்தம் தாங்காமல் ஆயில் பீறிட்டு வெளியேறிவிடும். ஆகவே அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து, துணியால் துடைத்து, புதிய வளையத்தில் சிறிது ஆயில் பூசிக் கையாலேயே இறுக்குங்கள்.

காரின் கையேடு 5டபிள்யூ-30 என்ற ஆயில் வகையை (ஆயிலின் பாகுத்தன்மையைக் குறிக்கும் எண்) சொன்னால் அதையே, சொன்ன அளவிலேயே ஊற்றுங்கள். எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடங்கள் கழித்து எஞ்சினில் செருகியிருக்கும் ஆயில் அளவுகோலை (டிப்ஸ்டிக்) உருவிப் பார்த்தால், ஆயில் அதிலுள்ள இரு குறிகளுக்கும் இடையே நிற்க வேண்டும். பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல், மூடிய கேனில் சேர்த்து, அதைப் பெற்றுக்கொள்ளும் பணிமனையில் ஒப்படையுங்கள்.