குழந்தைகளை வைத்து வீடியோ போடும் பெற்றோரை ஏன் இவ்வளவு பேர் திட்டுகிறார்கள்?

பிள்ளை வளர்ப்பையே அன்றாடம் வீடியோவாக்கி, வியூஸிலும் விளம்பரத்திலும் சம்பாதிப்பவர்களைத்தான் 'பேரன்டிங் இன்ஃப்ளுயன்சர்' என்கிறோம். ஊட்டுவது சரியில்லை, உடுத்துவது சரியில்லை என்று விழும் திட்டில் பாதி வெறும் வம்பு. உண்மையான கவலை வேறு. இங்கே உழைப்பது பிள்ளை, காசு வாங்குவது பெற்றோர். பிள்ளைக்காக "வேண்டாம்" என்று சொல்ல வேண்டியவருக்கே அதில் வருமானம் இருக்கிறது.

ஆடிப்பெருக்கன்று திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறைக்குப் போய்ப் பாருங்கள். காப்பரிசியை வாயில் போடப்போகும் பிள்ளையை நிறுத்தி, "இன்னொரு தடவை, கேமராவைப் பாத்து" என்பார்கள். அப்புறம் அது விளையாட்டா, ஷூட்டிங்கா?

நம்மூர்க் காதணி விழா ஃப்ளெக்ஸ் என்றால், விசேஷம் முடிந்ததும் அவிழ்த்து மாட்டுக்கொட்டகைக்கு மேலே போட்டுவிடுவோம். வீடியோவை அப்படி அவிழ்க்க முடியாது; யார் யார் இறக்கி வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாது. மூன்று வயதில் அடம்பிடித்து அழுதது பத்தாம் வகுப்பு வரை கூடவே வரும்.

சினிமாவில் நடிக்கும் குழந்தைக்கு இந்தியாவின் 2017 குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. சம்பளத்தில் 20 சதவீதமாவது அதன் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும். வீட்டுக்கூடத்தில் எடுப்பதை யார் கணக்குப் பார்ப்பது? பிரான்ஸ் 2020-லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2024 ஜூலை முதல் வருமானத்தில் ஒரு பங்கைப் பிள்ளைக்கென ஒதுக்க வேண்டும்.

"அப்போ பிள்ளை போட்டோவே போடக்கூடாதா?" என்று சிலர் கோபப்படுவார்கள், சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் போகும் பிறந்தநாள் போட்டோவை யாரும் குறை சொல்லவில்லை, பிள்ளையை வைத்து நடக்கும் தொழிலைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.