உதவி இயக்குநராக, வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வரலாமா?

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றின் கட்டிங் பிரிவில் வேலை செய்யும் 22 வயது வாசகர், குடும்பமே தம் சம்பளத்தை நம்பியிருக்கும் நிலையில், சென்னைக்கு வந்து உதவி இயக்குநராகச் சேரலாமா என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாக வரலாம், ஆனால் தீபாவளி போனஸை மட்டும் நம்பி வராதீர்கள். படப்பிடிப்பு நாட்களில் பேட்டா எனும் தினப்படியும் சாப்பாடும் கிடைத்துவிடும். அதற்கு முன், கூடிப் பேசிக் கதையை உருவாக்கும் டிஸ்கஷன் மாதங்களில் பெரும்பாலும் டீயும் மதியச் சாப்பாடும்தான். படம் எப்போது தொடங்கும் என்பது இயக்குநருக்கே தெரிந்திருக்காது. சாலிகிராமத்தில் நாங்கள் நால்வர் தங்கியிருந்த அறையில் எல்லோரையும்விட நன்றாக வசனம் எழுதியவர், தங்கையின் கல்யாணக் கடனை அடைக்க ஊர் திரும்பினார். எங்களோடு டிஸ்கஷனுக்கு வந்துகொண்டிருந்த, சென்னையில் சொந்த வீடு உள்ள இன்னொருவர் பொறுத்திருந்து படம் எடுத்தார். அவர்களைப் பிரித்தது மாத வாடகைதான் என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே, குறைந்தது எட்டு மாதங்களுக்கான வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் வீட்டுக்கு அனுப்பும் தொகையையும் கணக்கிட்டுச் சேர்த்த பிறகு கிளம்புங்கள், அல்லது சினிமாவுக்கு அருகிலேயே ஒரு வேலை தேடிக்கொள்ளுங்கள். ‘கூழாங்கல்’ படத்துக்காக 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் டைகர் விருதைப் பெற்ற பி. எஸ். வினோத்ராஜ், சிறு வயதில் மதுரைப் பூ மார்க்கெட்டிலும் பின்னர் திருப்பூரிலும் உழைத்தவர். சென்னைக்கு வந்து டிவிடி கடையில் வேலை பார்த்தபடியே உலகப் படங்களைப் பார்த்தவர்.

பிளஸ் டூ முடித்திருந்தால் தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு போன்றவற்றைத் தனியார் கல்லூரிகளைவிட மிகக் குறைந்த கட்டணத்தில் படிக்கலாம். வயது வரம்பு உண்டு என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

கதை சொல்லப் போகும் முன், அதைக் காட்சி காட்சியாக எழுதி திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். வெறும் கருத்துக்குக் காப்புரிமை இல்லை, அது வெளிப்படும் வடிவத்துக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது. வாயால் மட்டும் சொன்ன கதையைப் பறிகொடுத்தால் நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

ஒன்றரை ஷிப்ட் முடித்தவரின் விரல் நகங்களில் துணித்தூசி படிந்திருப்பதும், சனிக்கிழமை சம்பளத்தை அவர் இரண்டு முறை எண்ணிப் பார்ப்பதும் உங்களுக்குத் தெரியும். டிஸ்கஷன் அறையில் உள்ள பலருக்குத் தெரியாது. அதைப் பத்து நிமிடக் குறும்படமாகச் செல்போனிலேயே எடுத்து, வாய்ப்புக் கேட்கப் போகும்போது உடன் கொண்டு செல்லுங்கள்.