கேள்வி பதில்: கவுன்சில் காசு யாருக்குக் கிடைக்கிறது?

கேள்வி: எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி இருபது வருடமாக நடக்கிறது. எல்லாரும் சம்பளம் இல்லாமல்தான் வேலை செய்கிறோம். இந்த வருடம் முதல் தடவையாகக் கவுன்சிலின் (உள்ளூராட்சி மன்றத்தின்) சமூக மானியத்துக்கு விண்ணப்பித்தோம். புள்ளிகள் போதவில்லை என்று இரண்டு வரியில் மின்னஞ்சல் வந்தது. ஆனால் போன வருடம் தொடங்கிய ஒரு குழுவுக்குக் கிடைத்திருக்கிறது. கவுன்சிலரைத் தெரிந்தால்தான் காசு வருமா?
(பள்ளிச் செயலாளர் ஒருவர், லண்டன்)

பதில்: கோபம் புரிகிறது. அதற்கு முன் ஒன்று கேட்கிறேன். விண்ணப்பத்தின் முதல் பந்தியில் என்ன எழுதினீர்கள்? "எமது பள்ளி இன்ன ஆண்டு இன்னாரால் ஆரம்பிக்கப்பட்டு" என்றுதானே? நான் ஒரு சங்கத்துக்காக எழுதிய முதல் விண்ணப்பமும் அப்படித்தான் இருந்தது. தலைவர், உபதலைவர், போஷகர் பெயரெல்லாம் போட்டு, ஆண்டு மலருக்கு எழுதும் வாழ்த்துச் செய்தி மாதிரி. போன வேகத்தில் திரும்பி வந்தது.

கவுன்சில் உங்கள் சேவையைப் பாராட்டிப் பரிசு கொடுப்பதில்லை. தனித்திருக்கும் முதியவர்களை வெளியே கொண்டுவர வேண்டும், பிள்ளைகளின் படிப்பு முன்னேற வேண்டும் என்று அதற்கென்று சில நோக்கங்கள் இருக்கும். அவற்றை யார் வழியாகச் செய்யலாம் என்று பார்த்துத்தான் காசு தருகிறது. மானியத் திட்டத்தை அறிவிக்கும்போதே என்ன நோக்கம், எதற்கு எத்தனை புள்ளி என்பதைப் பெரும்பாலும் ஓர் ஆவணமாகப் போட்டுவிடுவார்கள். நம்மவர்கள் படிவத்தை நிரப்புவார்கள், அந்த ஆவணத்தைத் திறக்க மாட்டார்கள். விண்ணப்பங்களை முதலில் அதிகாரிகள் வாசித்துப் புள்ளி போடுகிறார்கள், அப்புறம் ஒரு குழு ஒப்பிட்டுப் பார்த்துப் பரிந்துரைக்கிறது, தொகையைப் பொறுத்து அதிகாரியோ, பொறுப்பான கவுன்சிலரோ, அமைச்சரவை என்று அழைக்கப்படும் குழுவோ முடிவெடுக்கிறது. "இருபது வருடம்" என்பதற்கு அந்த அட்டவணையில் கட்டமே இல்லாமல் இருக்கலாம். "இந்த வட்டாரத்தில் இத்தனை பிள்ளைகள், அவர்களுக்கு இன்ன குறை, இதைச் செய்தால் இன்ன மாற்றம், அதை இப்படி அளப்போம்" என்பதற்குக் கட்டாயம் இருக்கும். புதிய குழு அதை எழுதியிருக்கக்கூடும்.

கவுன்சிலர் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சங்கத்தின் நிர்வாகத்தில் இருக்கும் கவுன்சிலர், அந்தச் சங்கத்தின் மானியம் பற்றிய பேச்சு வரும்போது தன் தொடர்பை அறிவித்து ஒதுங்க வேண்டும். ஆனால் சில கவுன்சில்களில் ஒவ்வொரு வட்டாரக் கவுன்சிலருக்கும் சின்னதாக ஒரு தொகையை ஒதுக்கி, எங்கே கொடுக்கலாம் என்று அவரையே பரிந்துரைக்கச் சொல்வார்கள். அங்கே அவருக்கு உங்களைத் தெரிந்திருப்பது உதவும், அதில் தப்பும் இல்லை. பரிசளிப்பு விழாவுக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவதோடு விட்டுவிடாமல் ஒரு சாதாரணச் சனிக்கிழமை வகுப்பு நடக்கும்போது வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது, எந்தக் கேள்விக்கு எத்தனை புள்ளி கிடைத்தது என்று எழுதிக் கேட்பது. தராவிட்டால் 2000ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் கேளுங்கள், 20 வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். இன்னொன்று, இங்கிலாந்தில் உள்ள கவுன்சில்கள் 2015ஆம் ஆண்டின் வெளிப்படைத்தன்மை விதிக்கோவைப்படி, தொண்டு அமைப்புகளுக்குக் கொடுத்த மானியங்களை யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று வருடத்துக்கு ஒரு தடவையாவது வெளியிட வேண்டும். ஊர்வம்பை நம்புவதைவிட அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ச் சங்கம் பதிவு செய்த சாரிட்டி இல்லை. பொங்கல் விழாவுக்கு ஹோல் வாடகையையாவது கவுன்சில் தருமா?
(சங்க உறுப்பினர், கென்ட்)

பதில்: தரலாம். சிறிய மானியங்களுக்குப் பல கவுன்சில்கள் பதிவைக் கட்டாயமாக்குவதில்லை. சங்கத்துக்கு எழுத்தில் ஒரு யாப்பு (சங்க விதிகள்), சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, கடைசி வருடக் கணக்கறிக்கை, பிள்ளைகள் வருவார்கள் என்றால் சிறார் பாதுகாப்புக் கொள்கை, இவைதான் வழக்கமாகக் கேட்கப்படுபவை. கணக்கில் கையெழுத்திடும் இருவரும் உறவினராக இருக்கக் கூடாது என்பார்கள். கணவர் தலைவர், மனைவி பொருளாளர், மச்சான் செயலாளர் என்றால், அதை முதலில் சரி செய்யுங்கள்.

வழிபாட்டுக்கு என்று கேட்டால் பெரும்பாலும் மறுப்பார்கள். அயலவர்கள் எல்லாரும் வந்து கலந்துகொள்ளும் விழா என்றால் கதை வேறு, ஆனால் அப்படி எழுதிவிட்டு அழைப்பிதழைத் தமிழில் மட்டும் அடித்தால் அடுத்த வருடம் மாட்டிக்கொள்வீர்கள்.

மாவட்டக் கவுன்சிலோடு நின்றுவிடாதீர்கள். லண்டனுக்கு வெளியே உங்களுக்குப் பாரிஷ் கவுன்சிலும் (ஒரு கிராமம், சிறு பகுதி அளவில் இயங்கும் சின்னக் கவுன்சில்) இருக்கக்கூடும், சிறு தொகைக்கு அது நல்ல இடம். (லண்டனில் அப்படி ஒன்றே ஒன்றுதான், 2014இல் வெஸ்ட்மின்ஸ்டரின் குயின்ஸ் பார்க்கில் தொடங்கியது.) புதிய கட்டடங்களுக்கு விதிக்கப்படும் சமூக உட்கட்டமைப்புத் தீர்வையில் பொதுவாக 15 சதவீதம் அந்தந்தப் பகுதிக்கென்று ஒதுக்கப்படுகிறது. அந்தத் தீர்வை எல்லாக் கவுன்சிலிலும் இல்லை, அதனால் உங்கள் பகுதியில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் ஒரு நாள் விழாவை விட, பழுதான சமூக மண்டபத்தைத் திருத்துவது போன்ற வேலைக்குத்தான் அது பொருந்தும்.

கேள்வி: தமிழ்ப் பெண்களுக்கான ஆலோசனைச் சேவைக்கு மானியம் கேட்டோம். "ஓர் இனத்தவருக்கு மட்டும் என்றால் கஷ்டம், எல்லாருக்குமான சேவையாக மாற்றுங்கள்" என்கிறார் அதிகாரி. இது சரியா?
(வாசகி, லண்டன்)

பதில்: அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. இதே வாதத்துக்கு 2008இல் உயர் நீதிமன்றத்தில் பதில் கிடைத்திருக்கிறது. சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற அமைப்பு குடும்ப வன்முறைக்கு உள்ளான கறுப்பின, ஆசியப் பெண்களுக்காக 1979இலிருந்து வேலை செய்துவருகிறது. அதற்கு மானியம் தந்துவந்த லண்டனின் ஈலிங் கவுன்சில், இனி வட்டாரம் முழுவதற்கும் பொதுவான ஒரே சேவைக்குத்தான் பணம் என்று முடிவெடுத்தது. சமூக ஒற்றுமைக்கு அதுதான் நல்லது என்பதும் அதன் வாதங்களில் ஒன்று. அமைப்பின் சேவையைப் பயன்படுத்திய இரு பெண்கள் வழக்குப் போட்டார்கள். விசாரணை நடக்கும்போதே கவுன்சில் பின்வாங்கியது, ஆனாலும் நீதிபதி மோசஸ் விரிவான தீர்ப்பு எழுதினார். ஒரு குழுவுக்கான சிறப்புச் சேவை ஒற்றுமைக்கு எதிரானது அல்ல, சில வேளை அதற்குத் தேவையானதே என்பது அதன் சாரம். இனச் சமத்துவத்தில் என்ன பாதிப்பு வரும் என்பதை முடிவெடுப்பதற்கு முன்பே ஆராய வேண்டும், முடிவெடுத்துவிட்டு அதற்குக் காரணம் தேடக் கூடாது என்பதும் அதில் இருந்தது.

அந்தக் கடமை இப்போது 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 149ஆவது பிரிவில் இருக்கிறது. கவுன்சில் உங்களுக்குக் காசு தந்தே ஆக வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை, யோசித்து முடிவெடு என்றுதான் சொல்கிறது, அதனால் வழக்கை வென்றவர்களுக்கும் கடைசியில் மானியம் கிடைக்காமல் போகலாம். அந்த அதிகாரியிடம் சண்டைக்குப் போகாமல், சமத்துவப் பாதிப்பு மதிப்பீடு செய்யப்பட்டதா, அதைப் பார்க்கலாமா என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் விண்ணப்பத்திலும் "எங்கள் இனப் பெண்கள்" என்பதோடு நிறுத்தாமல், பொதுச் சேவைக்கு அவர்கள் ஏன் போவதில்லை என்பதை விளக்குங்கள். மொழி பெயர்க்கத் தன் பிள்ளையையே கூட்டிக்கொண்டு போய் கணவனின் அடியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் ஒரு தாயின் நிலைமையை எழுதினால், வாசிக்கும் அதிகாரிக்கு அது விளங்கும்.

கேள்வி: மூன்று வருட மானியம் என்றார்கள், இரண்டாம் வருடத்தில் நிறுத்தப்போகிறோம் என்கிறார்கள். இப்படிச் செய்யலாமா?
(முதியோர் சங்கப் பொருளாளர்)

பதில்: பல வேளைகளில் செய்யலாம். பராமரிப்பு, பிள்ளைகள் பாதுகாப்பு எல்லாம் கவுன்சிலின் சட்டக் கடமைகள், மானியம் அதன் விருப்பம், ஆகவே முதல் வெட்டு இங்கேதான் விழும். குரொய்டன் கவுன்சில் 2020இலும் பர்மிங்ஹாம் கவுன்சில் 2023இலும் 114ஆம் பிரிவு அறிவித்தல் விட்டன, அதாவது வரவுக்குள் செலவைச் சமாளிக்க முடியாது என்று அறிவித்து அத்தியாவசியமல்லாத புதிய செலவுகளை நிறுத்தின. அந்த நிலைக்குப் போன கவுன்சிலிடம் நியாயம் கேட்டுப் பெரிய பலன் இராது.

உங்கள் ஒப்பந்தக் கடிதத்தை எடுத்து, நிறுத்துவது பற்றிய பந்தியை வாசியுங்கள். 2015இல் திருத்தி வெளியிடப்பட்ட அரசாங்க வழிகாட்டல், இப்படி நிறுத்துவதானால் குறைந்தது மூன்று மாத முன்னறிவிப்பு கொடுத்து, அமைப்போடும் அதன் சேவையைப் பயன்படுத்துவோரோடும் பேச வேண்டும் என்று சொல்கிறது. முடிவெடுக்கும் கூட்டத்தின் ஆவணங்கள் வழக்கமாக ஐந்து வேலை நாட்களுக்கு முன்பே பொதுவில் வந்துவிடும். அன்றைக்கே கவுன்சில் கூட்டங்களை ஒழுங்கு செய்யும் ஜனநாயகச் சேவைப் பிரிவுக்கு எழுதி, கூட்டத்தில் பேச நேரம் கேளுங்கள். போகும்போது நிர்வாக சபையை விட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வரும் இரண்டு பாட்டிமாரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.